குளுகுளு மெத்தையின் கதை: கோரைப்பாயிலிருந்து மெமரி ஃபோம் வரை

  இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். ராத்திரிச் சாப்பாடு முடித்துவிட்டு நிதானமாக உட்கார்ந்து வாசியுங்கள்.

ஒரு மாதத்துக்குள் மூன்று பேர் ஒரே கேள்வியை வாட்ஸ்அப்பில் கேட்டுவிட்டார்கள். கல்யாணம் முடித்துப் புது வீடு போகிற என் பழைய மாணவி ஒருத்தி, "டீச்சர், கூலிங் ஜெல் மெத்தைன்னு போட்டிருக்கான், நிஜமாவே குளிருமா?" என்று கேட்டாள். இன்னொருவன் வெளிநாட்டில் இருக்கிறான். ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு நல்லதாக ஒரு மெத்தை வாங்கி அனுப்ப வேண்டும் என்கிறான். மூன்றாவது எங்கள் சொந்தக்காரப் பையன். அவனுக்குச் சூடு ஆகாது, அவன் மனைவிக்குக் குளிர் ஆகாது.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்ய என் விரல்களுக்குத் தெம்பு இல்லை. அதனால் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். எந்தக் கம்பெனி மெத்தை வாங்கலாம் என்று சொல்லப் போவதில்லை. படுக்கைக்கு ஒரு வரலாறு உண்டு. அதைத் தெரிந்துகொண்டால், கடைக்காரர் சொல்வதில் எது உண்மை, எது அலங்காரம் என்று உங்களுக்கே விளங்கிவிடும்.

முதல் படுக்கையே கோரைதான்

தென்னாப்பிரிக்காவில் சிபுடு என்று ஒரு பாறைக்குகை இருக்கிறது. அங்கே சுமார் 77,000 ஆண்டுகளுக்கு முன் மனிதர்கள் விரித்த படுக்கையைத் தொல்லியலாளர்கள் கண்டுபிடித்து 2011-இல் வெளியிட்டார்கள். கீழே கோரை இனப் புற்களின் தண்டும் இலையும். அதன் மேல் ஒரு காட்டு மரத்தின் இலைகள். அந்த மரம் நம் இலவங்கப்பட்டை மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் இலைக்குக் கொசுவையும் பூச்சியையும் விரட்டும் தன்மை உண்டு. படுக்கை பழசானதும் அதை எரித்துவிட்டுப் புதிதாக விரித்திருக்கிறார்கள். எவ்வளவு விவரமான ஆட்கள் பாருங்கள்!

நம் பத்தமடைப் பாய்க்கான கோரையும் அதே தாவரக் குடும்பம்தான். பத்தமடை எங்கே இருக்கிறது என்று என் மாணவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் போகிற வழியில், சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் இருக்கிறது பத்தமடை. தாமிரபரணிக் கரையில் விளையும் கோரையை வெட்டி, காயவைத்து, கீறி, தண்ணீரில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்து, நூலைப் பாவாக ஓட்டி நெய்வார்கள். உயர்ந்த ரகப் பாயைப் பட்டுத்துணி மாதிரி மடிக்கலாம். 1953-இல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்கு இங்கிருந்து ஒரு பாய் போனதாக ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது.

இன்னொரு வழக்கமும் அங்கே உண்டு. கல்யாணப் பாயில் பெண் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் சேர்த்து நெய்து தருவார்கள். இன்று 'தம்பதியருக்கான சிறப்பு மெத்தை' என்று விளம்பரம் வருகிறதே, அதற்கு எவ்வளவோ முன்பே நம் ஊரில் தம்பதியருக்கான படுக்கை இருந்திருக்கிறது.

பாய் ஏன் குளிர்ச்சி? கோரைக்குள் ஐஸ் கட்டி ஒன்றும் இல்லை. இரண்டு காரணங்கள். ஒன்று, கோரைக்கும் கோரைக்கும் நடுவே காற்றுப் போகிறது, அதனால் வியர்வை காய்கிறது. இரண்டு, பாய் மெல்லியது. கீழே இருக்கும் சிமெண்டுத் தரையோ சாணம் மெழுகிய தரையோ உடம்புச் சூட்டை வாங்கிக்கொள்கிறது. கயிற்றுக் கட்டிலும் அப்படித்தான், கீழிருந்தும் காற்று வரும். 3,300 ஆண்டுகளுக்கு முந்தைய எகிப்து அரசன் துட்டன்காமனின் கல்லறையை 1922-இல் திறந்தபோது கிடைத்த கட்டில்களில்கூடப் பின்னிய பரப்பைப் பார்க்கலாம். வெயில் நாட்டில் அரசனுக்கும் அதுதான் தோது.

ஆனால் பாய்க்கு ஒரு குறை உண்டு, அது மெத்தென்று இருக்காது. இடுப்பு எலும்பும் தோள்பட்டையும் தரையில் அழுந்தும். இருபது வயதில் தெரியாது, அறுபதில் தெரியும். அதனால்தான் மனிதன் மென்மையைத் தேடிப் போனான். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. மென்மையான பொருள் எதுவானாலும் உடம்பைச் சுற்றிக்கொள்ளும், சுற்றிக்கொண்டால் சூடு தங்கும். மெத்தையின் வரலாறு முழுவதும் மென்மைக்கும் குளிர்ச்சிக்கும் நடுவே நடக்கும் இழுபறிதான்.

இலக்கியம் சொல்லும் படுக்கை

பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடையில் பாண்டிமாதேவியின் கட்டிலை நக்கீரர் விரிவாக வருணிக்கிறார். 40 வயது யானையின் தந்தத்தால் செய்த கட்டில். அதன் மேல், துணையோடு சேர்ந்த அன்னப்பறவைகளின் மென்மையான தூவியைப் பரப்பிய மெத்தை. காலமோ வாடைக்காலம், ஊரே குளிரில் நடுங்குகிறது. அன்னத்தின் தூவி உடம்புச் சூட்டை வெளியே விடாமல் பொத்திவைக்கும், குளிருக்கு ஏற்ற மெத்தை. அரசனோ நள்ளிரவில் பாசறையில் காயம்பட்ட வீரர்களை நலம் விசாரித்துக்கொண்டிருக்கிறான். ஜோடிப் பறவைகளின் தூவி மெத்தையில் அரசி தனியாகத் தூக்கமில்லாமல் கிடக்கிறாள். எவ்வளவு உசத்தியான மெத்தையாக இருந்தாலும் பாதிதான் வேலை செய்யும் என்று நக்கீரருக்குத் தெரிந்திருக்கிறது.

அடுத்தது திருப்பாவை. 19-ஆம் பாசுரத்தில் கண்ணனும் நப்பின்னையும் யானைத் தந்தக் கால் வைத்த கட்டிலில், பஞ்சசயனத்தின் மேல் படுத்திருப்பதாக ஆண்டாள் பாடுகிறாள். பஞ்சசயனம் என்றால் என்ன? ஐந்து வகைப் பொருள்களால் ஆன படுக்கை என்று சிலர் சொல்வார்கள். படுக்கைக்கு உரிய ஐந்து குணங்கள் என்றும் உரைகாரர்கள் பொருள் சொல்கிறார்கள்: அழகு, குளிர்ச்சி, மென்மை, நறுமணம், வெண்மை. கவனியுங்கள், குளிர்ச்சியும் மென்மையும் அதில் தனித்தனிக் குணங்களாக இருக்கின்றன. ஒன்று இருந்தால் மற்றது தானாக வந்துவிடாது என்று பெரியவர்கள் பிரித்துவைத்திருக்கிறார்கள்.

மெத்தைக்கு எந்தப் பஞ்சு நல்லது என்பதை ஔவையார் ஆத்திசூடியிலேயே சொல்லிவிட்டார். இலவம்பஞ்சு இழை உள்ளே குழல் மாதிரி வெற்றாக இருக்கும். நீர் ஒட்டாது. கப்பல்களில் உயிர்காப்பு உடைக்கு உள்ளே அதைத்தான் ஒரு காலத்தில் அடைத்தார்கள். மெத்தையில் ஈரம் தங்காது, எடையும் குறைவு. ஆனால் நாளாக ஆக அமுங்கிக் கட்டியாகிவிடும். வருஷத்துக்கு ஒரு முறை வெயிலில் போட்டு அடித்து, பஞ்சைப் பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டும். தெருவில் வில்லோடு வந்து பஞ்சு அடித்துக் கொடுத்தவர்களை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஒரு விஷயத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 'கணவன் மனைவிக்கு ஒரு மெத்தை' என்பதே நம் பக்கத்துச் சாதாரணக் குடும்பங்களுக்குப் புதுசுதான். கூட்டுக் குடும்பத்தில் ஆண்கள் திண்ணையிலும் முற்றத்திலும், பெண்கள் குழந்தைகளோடு உள்ளேயும் படுத்தார்கள். கோடையில் எல்லோரும் மொட்டைமாடி. கட்டில் மெத்தை பீரோ என்று சீர்வரிசைப் பட்டியல் வந்த பிறகும், தனி அறை என்று ஒன்று வந்த பிறகும்தான் இரண்டு பேர் ஒரே மெத்தையில் ராத்திரி முழுக்கப் படுப்பது வழக்கமானது. அதனால் இந்தப் பிரச்சினைக்குப் பாட்டியிடம் நேரடிப் பதில் கிடையாது.

குளிர்நாட்டுக் கவலை வேறு

இனி ஐரோப்பாவுக்குப் போவோம். இன்று கடையில் இருக்கும் மெத்தைகள் பலவற்றின் பூர்வீகம் குளிர்நாடுதான். அங்கே படுக்கையில் இருந்த கவலை சூடு அல்ல, குளிர். வைக்கோல் திணித்த மெத்தை, அதன் மேல் கம்பளி, அதன் மேல் இறகு மெத்தை என்று அடுக்குவார்கள். கட்டிலைச் சுற்றித் திரை கட்டிச் சூட்டைப் பொத்திவைப்பார்கள். படுக்கும் முன் கனிந்த கரி போட்ட மூடித் தட்டைப் போர்வைக்குள் விட்டுத் தேய்த்துச் சூடேற்றுவார்கள்.

லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் 'வேர் நகரத்துப் பெரிய கட்டில்' என்று ஒன்று இருக்கிறது. 1590-களில் செய்தது, அகலம் 3 மீட்டருக்கும் அதிகம். நான்கு தம்பதியர் ஒரே நேரத்தில் படுக்கலாம் என்று பேர் வாங்கியது. ஷேக்ஸ்பியர்கூட 'பன்னிரண்டாம் இரவு' நாடகத்தில் இதைக் குறிப்பிட்டிருக்கிறார். நெருக்கிப் படுப்பது அங்கே ஒருவருக்கொருவர் கதகதப்பு. நம் ஊரில் சித்திரை மாதத்தில் அப்படிப் படுத்தால் என்ன ஆகும்?

பிறகு ஸ்பிரிங் மெத்தை வந்தது. முதலில் வந்தவற்றில் எல்லாச் சுருளும் ஒன்றோடொன்று இணைந்திருந்தன. ஒருவர் புரண்டால் மற்றவர் ஊஞ்சல் ஆட வேண்டும். 1900-ஆம் ஆண்டு வாக்கில் ஜேம்ஸ் மார்ஷல் என்ற பொறியாளர், ஒவ்வொரு சுருளையும் தனித்தனித் துணிப்பைக்குள் வைத்துத் தைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஒரு சுருள் அமுங்கினால் பக்கத்துச் சுருள் அசையாது. இன்று 'பாக்கெட் ஸ்பிரிங்' என்று கடையில் கேட்கிறீர்களே, அதுதான் இது. தம்பதியருக்காக மெத்தைத் தொழில் செய்த முதல் பெரிய உதவி என்று இதைச் சொல்வேன். சுருள்களுக்கு நடுவே வெற்றிடம் இருப்பதால் காற்றும் உள்ளே நடமாடும்.

பால்மரமும் நம் மக்களும்

ஃபோம் என்ற நுரை மெத்தையின் கதையில் நம் மக்களும் வருகிறார்கள். இதை அவசியம் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

1876-இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அங்கே முளைத்த கன்றுகள் இலங்கைக்கு வந்தன. பிறகு மலாயா முழுவதும் ரப்பர்த் தோட்டங்கள். அங்கே விடியற்காலையில் எழுந்து பால்மரம் சீவியவர்களில் பெரும்பகுதியினர் தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகள் அழைத்துப் போன ஏழைகள். டன்லப் கம்பெனிக்கே மலாயாவில் பெரிய பெரிய தோட்டங்கள் இருந்தன.

1929-இல் அதே டன்லப் கம்பெனியின் பர்மிங்ஹாம் ஆய்வுக்கூடத்தில் ஈ. ஏ. மர்ஃபி என்ற விஞ்ஞானி ரப்பர்ப் பாலைக் கேக் மாவு அடிப்பது போல நுரைக்க அடித்து, அந்த நுரையை அப்படியே உறையவைத்தார். வீட்டுச் சமையலறைக் கலக்கியை எடுத்துத்தான் அடித்தார் என்று ஒரு கதையும் உண்டு. அப்படிப் பிறந்ததுதான் லேடெக்ஸ் நுரை. நம் ஊரில் எந்தக் கம்பெனி நுரை மெத்தையாக இருந்தாலும் 'டன்லப் மெத்தை', 'டன்லப் தலையணை' என்று சொன்னோமே, அந்தப் பெயர் வந்த வழி இது.

லேடெக்ஸ் மெத்தையைக் கவனித்துப் பார்த்தால் மேலிருந்து கீழ்வரை ஊசித் துளைகள் இருக்கும். அச்சில் வார்க்கும்போது உள்ளே வரை சூடு போய்ச் சேர்வதற்காகக் கம்பிகள் வைப்பார்கள். கம்பியை எடுத்த இடம்தான் துளை. தொழிற்சாலைத் தேவைக்காக வந்த அந்தத் துளை நமக்குக் காற்றுவழி ஆகிவிட்டது.

லயத்து அறையில் பாய் விரித்துப் படுத்த ஒரு தமிழ்க் குடும்பம் சீவிய பாலிலிருந்து, கடல் கடந்த ஒரு வீட்டுக்கு மெத்தை போயிருக்கிறது. அந்த மெத்தையில் அவர்கள் ஒரு நாளும் படுத்திருக்க மாட்டார்கள். இன்று கடையில் லேடெக்ஸ் மெத்தையைக் கையால் அமுக்கிப் பார்க்கும்போது அவர்களை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்வோம்.

நம் நாட்டில் 1960-களிலிருந்து வந்த தேங்காய்நார் மெத்தையிலும் இந்த ரப்பர்ப் பால் உண்டு. நாரைச் சுருட்டி அதன் மேல் பாலைத் தெளித்து அழுத்திச் செய்வார்கள். கொஞ்சம் கெட்டியாக இருக்கும், காற்றுப் போகும். சில வருஷத்தில் நடுவே பள்ளம் விழும். கணவனும் மனைவியும் இரண்டு பக்கத்திலிருந்தும் அந்தப் பள்ளத்துக்கு உருண்டு வந்து சேர்வார்கள். வீட்டுக்கு வீடு நடந்ததுதானே!

விமான இருக்கையிலிருந்து படுக்கையறைக்கு

1937-இல் ஜெர்மனியின் லெவர்குசன் நகரில் ஓட்டோ பேயர் என்ற வேதியியலாளரும் அவர் குழுவினரும் பாலியூரித்தேனைக் கண்டுபிடித்தார்கள். 1950-களில் அதிலிருந்து மெதுவான நுரை செய்யும் தொழில் வளர்ந்தது. ரப்பர் மரமே வேண்டாம், பெட்ரோலிய வேதிப்பொருள் போதும். விலை இறங்கியது, மெத்தை எல்லார் வீட்டுக்கும் வந்தது. நாம் 'ஸ்பாஞ்சு மெத்தை' என்றது இதைத்தான்.

1966-இல் அமெரிக்காவில் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்துக்காகச் சார்லஸ் யோஸ்ட் என்ற பொறியாளர் ஒரு புது நுரையை உருவாக்கினார். விண்வெளி வீரர்கள் தூங்குவதற்காகச் செய்தது என்று கடைகளில் சொல்வார்கள். உண்மையில் அது விமான இருக்கைக்காக. மோதினால் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள வேண்டும், நீண்ட நேரம் உட்கார்ந்தாலும் வலிக்கக் கூடாது. கையை வைத்து அமுக்கினால் கைத்தடம் அப்படியே நிற்கும், மெதுவாகத்தான் பழைய நிலைக்கு வரும். அதனால் 'மெமரி ஃபோம்'. 1980-களில் நாசா இதைப் பொதுப் பயன்பாட்டுக்கு விட்டது. சுவீடனைச் சேர்ந்த ஒரு நிறுவனம் 1991-இல் மெத்தையாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

மெத்தையின் மேல் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தை நிறுத்தி, பக்கத்தில் ஒருவர் குதிப்பார், கிண்ணம் ஆடாது. அந்த விளம்பரம் தம்பதியரைக் குறிவைத்தது. அது பொய்யும் இல்லை. ராத்திரி மூன்று முறை எழுந்து போகும் கணவரால் மனைவியின் தூக்கம் கெடாது.

ஆனால் மெமரி ஃபோம் வேலை செய்வதே உடம்புச் சூட்டால்தான். சூடு பட்ட இடம் இளகும், உடம்பு அமிழும், நுரை உடம்பைச் சுற்றிப் பிடிக்கும். நுரையின் அறைகள் நெருக்கமானவை, காற்று எளிதில் நடமாடாது. சுவீடன் குளிரில் இது சுகம். அமெரிக்காவிலேயே "சூடாக இருக்கிறது" என்று புகார் கிளம்பியது. அந்தப் புகாருக்குப் பதிலாக வந்தவைதான் ஜெல் கலந்த ஃபோமும் மற்றக் 'கூலிங்' வகைகளும். 2011 வாக்கில் ஜெல் மெமரி ஃபோம் பெரிய கம்பெனிகளின் கடைகளுக்கு வந்துவிட்டது. கூலிங் மெத்தை என்பது வெயில் நாட்டுக்காகப் பிறந்ததே அல்ல. குளிர்நாட்டு மெத்தையில் வந்த ஒரு குறைக்குப் போட்ட மருந்து அது.

கொஞ்சம் அறிவியல், கொஞ்சம் கணக்கு

கரும்பலகை இல்லை, மனக்கணக்குதான்.

தூங்கும் ஒருவர் உடம்பு சுமார் 70 வாட் வெப்பத்தை வெளியே விடுகிறது. இரண்டு பேர் என்றால் 140 வாட். மெத்தையில் இரண்டு பழைய குண்டு பல்புகள் ராத்திரி முழுக்க எரிவதாக நினைத்துக்கொள்ளுங்கள். தூக்கம் வர வேண்டுமானால் உடம்பின் உள்வெப்பம் கொஞ்சம் இறங்க வேண்டும். அந்தச் சூடு போவதற்கு வழி வேண்டும்.

ஜெல் என்ன செய்கிறது? தொட்டால் சில்லென்று இருக்கும். எவர்சில்வர் தட்டைத் தொட்டால் சில்லென்று இருப்பது போலத்தான். கையிலிருந்து சூட்டை வேகமாக வாங்குகிறது. கொஞ்ச நேரத்தில் அதுவும் நம் உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும். கடையில் ஐந்து நிமிடம் படுத்துப் பார்ப்பவருக்குக் குளிரும். வீட்டில் இரண்டு மணிக்குத் தூங்குகிறவருக்குத் தெரியாது.

இன்னொரு வகை, உருகும் மெழுகுத் துளிகளைத் துணியிலோ நுரையிலோ கலந்தது. இதுவும் விண்வெளி உடையின் கையுறைக்காக நாசா பணத்தில் நடந்த ஆராய்ச்சியிலிருந்து வந்ததுதான். பனிக்கட்டி உருகும்போது சூட்டை வாங்கிக்கொள்ளும், ஆனால் வெப்பநிலை ஏறாது. உள்ளுறை வெப்பம் என்று படித்தோமே, அதே தத்துவம். ஆக்டாடெக்கேன் என்ற மெழுகு 28 டிகிரி செல்சியஸில் உருகும். 100 கிராம் உருகச் சுமார் 24,000 ஜூல் வாங்கும். உங்கள் உடம்பிலிருந்து மெத்தைக்குள் 20 வாட் போகிறது என்று வைத்துக்கொண்டால், 24,000-ஐ 20-ஆல் வகுங்கள். 1,200 வினாடி. அதாவது 20 நிமிடம். அதன் பிறகு மெழுகு முழுதும் உருகிவிடும், வேலை முடிந்தது.

முக்கியமான கேள்வி இதுதான்: மே மாதம் நம் ஊர் மாடி அறையில் ராத்திரி 32 டிகிரி இருந்தால்? நீங்கள் படுப்பதற்கு முன்பே அந்த மெழுகு உருகித்தான் கிடக்கும். நீங்கள் கொடுத்த பணம் ஏற்கனவே அறைக்குக் குளிர்ச்சி கொடுத்து முடித்திருக்கும். அறை 24, 25 டிகிரியில் இருந்தால், அதாவது ஏசி ஓடினால்தான், அந்த மெழுகு திரும்ப உறைந்து மறுபடி வேலை செய்யும். 'கூலிங்' மெத்தை எதுவும் குளிரை உண்டாக்குவதில்லை. சூட்டைக் கொஞ்ச நேரம் வாங்கி வைக்கிறது, அவ்வளவுதான். வாங்கிய சூடு போவதற்குக் குளிர்ந்த அறையோ காற்றோட்டமோ வேண்டும்.

இதை நான் நேரில் பார்த்தேன். என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை. அவருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. மகன் வெளிநாட்டிலிருந்து ஆசையாக ஆர்டர் செய்து, எட்டு அங்குல மெமரி ஃபோம் மெத்தை வீட்டுக்கு வந்தது. மாடி அறை, ஏசி கிடையாது. ஒரு வாரத்தில் மதினி தலையணையை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து, ஃபேனுக்குக் கீழே பாய் விரித்துவிட்டார்கள். வீடியோ காலில் மகன் பார்த்துவிட்டுப் பதறிப்போனான். "அம்மா, அப்பாகூடச் சண்டையா?" என்று கேட்டான். "சண்டையெல்லாம் இல்லப்பா, மெத்த காந்துது" என்றார்கள் மதினி. பிள்ளை மனசு நோகும் என்று அதுவரை சொல்லவே இல்லை. பாயில் படுத்து எழுந்து எழுந்து முழங்கால் வலி வேறு. மகன் அனுப்பியது அன்பு, அதில் குறையே இல்லை. அறையை யாரும் கணக்கில் எடுக்கவில்லை, அதுதான் விஷயம். பிறகு கட்டிலைக் கீழ் அறை ஜன்னலோரம் மாற்றி, தேங்காய்நார் மெத்தையின் மேல் இரண்டு அங்குல லேடெக்ஸ் போட்டார்கள். இப்போது இருவரும் ஒரே அறையில் தூங்குகிறார்கள்.

அப்படியானால் எதை வாங்குவது?

முதலில் அறையைப் பாருங்கள், மெத்தையை அப்புறம் பார்க்கலாம். ராத்திரி முழுக்க ஏசி ஓடும் வீடா? ஜெல்லோ மெழுகோ கலந்த மெமரி ஃபோம் வாங்கலாம், பலன் இருக்கும். அப்போதும் மெமரி ஃபோம் மேலே ஓரிரு அங்குல அடுக்காக இருந்தால் போதும். மின்விசிறி மட்டும்தானா? துளையுள்ள லேடெக்ஸ், அல்லது மேலே மெல்லிய நுரை போட்ட பாக்கெட் ஸ்பிரிங், அல்லது தேங்காய்நாரும் லேடெக்ஸும் சேர்ந்தது. 'கூலிங்' என்ற சொல்லுக்காக மட்டும் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

அகலம் பாருங்கள். குயின் என்பது 60 அங்குலம், ஆளுக்கு இரண்டரை அடிதான். கிங் 72 அங்குலம், ஆளுக்கு மூன்று அடி. நம் வெயிலுக்கு இரண்டு உடம்புக்கு நடுவே அரைச் சாண் காற்று இருப்பது எந்த ஜெல்லையும்விட நல்ல குளிர்ச்சி.

ஒருவர் 50 கிலோ, மற்றவர் 85 கிலோ என்றால் ஒரே மெத்தை இருவருக்கும் ஒத்துவருவது கஷ்டம். ஒரே கட்டிலில் இரண்டு மூன்றடி மெத்தைகளை ஒட்டிப்போடுங்கள். அவரவருக்கு வேண்டிய கெட்டி, அவரவருக்கு வேண்டிய போர்வை. சூடு ஆகாத கணவனும் குளிர் ஆகாத மனைவியும் உள்ள எங்கள் சொந்தக்காரப் பையனுக்கு இதுதான் என் பதில். எங்கள் வயதுப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் காலத்தில் நடுராத்திரி திடீரென்று உடம்பு கொதித்து வியர்க்கும். வீட்டில் ஆண்பிள்ளைகளுக்கு இது தெரிவதில்லை, 'ஃபேனை எதற்கு இவ்வளவு வேகமாக வைக்கிறாய்' என்று சலித்துக்கொள்வார்கள். மெத்தை வாங்கும்போது அம்மாவிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

கடையில் 32 டென்சிட்டி, 40 டென்சிட்டி என்று சொல்வார்கள். ஒரு கன மீட்டர் நுரையின் எடை அத்தனை கிலோ என்று அர்த்தம். அது மெத்தை எத்தனை நாள் உழைக்கும் என்பதற்கு அடையாளம், எவ்வளவு மெத்தென்று இருக்கும் என்பதற்கு அல்ல. இரண்டையும் குழப்ப வேண்டாம். கடைக்கு இருவரும் சேர்ந்து போங்கள். வெட்கப்படாமல் இருவரும் படுத்து, ஒருவர் புரண்டு பாருங்கள். கால் மணி நேரமாவது படுக்க வேண்டும், முதல் ஐந்து நிமிடச் சில்லிப்பை நம்ப வேண்டாம்.

கட்டிலின் அடிப்பலகையும் முக்கியம். பெட்டிக் கட்டிலில் முழுப் பலகை போட்டு அடைத்திருந்தால் கீழிருந்து காற்று வராது. இடைவெளி விட்டுச் சட்டம் அடித்த கட்டில் நல்லது. கடைசியாக, உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: மெத்தை அழுக்காகிவிடும் என்று கடையில் சுற்றிக் கொடுத்த பாலித்தீன் உறையை மூன்று வருஷமாகக் கழற்றாமல் வைத்திருக்கிறீர்களே, இன்றைக்கே கிழித்து எடுங்கள்! பருத்தி விரிப்புப் போடுங்கள். மெத்தையின் மேல் ஒரு நல்ல கோரைப்பாயை விரித்துப் படுத்தாலும் தப்பில்லை. பத்தமடையில் ஒரு தறிக்கு வேலையும் கிடைக்கும்.

எல்லோருக்கும் ஒரு வீட்டுப்பாடம். பத்து நாளைக்கு மெத்தை வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள். ஒரு சின்ன தெர்மாமீட்டரைப் படுக்கையறைச் சுவரில் மாட்டி, ராத்திரி தண்ணீர் குடிக்க எழும்போது எத்தனை டிகிரி என்று குறித்துவையுங்கள். அந்த எண்ணை எனக்கு அனுப்புங்கள், எந்த வகை சரிப்படும் என்று சேர்ந்து யோசிப்போம். அப்படியே உங்கள் தாத்தா பாட்டி எதில் படுத்தார்கள் என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். இலவம்பஞ்சா, கோரைப்பாயா, கயிற்றுக் கட்டிலா, மலாயா லயத்துப் பலகையா என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.

எல்லோரும் நன்றாகத் தூங்குங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்